காரமில்லாத காரப்போலி: கோல்சிசினை ஆய்வகத்தில் அறிந்து கையாளுதல்

திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம் பக்கமும் திருப்பூர் மாவட்டத்து மூலனூர், தாராபுரம் பக்கமும் கம்பி இழுத்துக் கட்டிப் படரவிடப்பட்ட கண்வலிக் கொடியைப் பலர் பார்த்திருப்பார்கள். இலக்கியத்தில் செங்காந்தள், ஈழத்தில் கார்த்திகைப் பூ, கிழங்கின் வடிவம் பற்றிக் கலப்பைக் கிழங்கு என்று பல பெயர்களில் அறியப்படும் இந்தக் கொடிதான் தமிழ்நாட்டின் மாநில மலரைத் தருவது. பூவின் சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகிச் செங்கோணமாக வளைந்து நிற்பதால் தானாகக் காய்ப்பது குறைவு. ஆகவே விவசாயிகள் காலை வேளையில் ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தம் வைக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டு எடுக்கும் விதை உணவுக்கோ எண்ணெய்க்கோ போவதில்லை. அதற்குள் இருக்கும் கோல்சிசின் என்ற ஒரு சேர்மத்துக்காகவும் அதன் உறவுச் சேர்மங்களுக்காகவும் மருந்து நிறுவனங்கள் அதை வாங்குகின்றன. பிரித்துத் தூய்மைப்படுத்திய கோல்சிசின், சில மில்லிகிராம் அளவில் பழுப்பு நிறச் சிறு புட்டிகளில் அடைக்கப்பட்டு, உயிரியல் ஆய்வகங்களின் குளிர்பதனப் பெட்டிக்கும் வந்து சேர்கிறது.

அந்தப் புட்டியை முதன்முறையாகக் கையில் எடுக்கப்போகும் மாணவருக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். வெளிச்சம் படாமல் வை, கையுறை போடு, தூளை ஊதாதே, கழுவு தொட்டியில் கொட்டாதே என்ற விதிகள் எல்லா ஆய்வகங்களிலும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்துவிட்டு வேலை தொடங்குபவரே மிகுதி. ஆனால் இந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் அந்த மூலக்கூறின் அமைப்பிலும் அது செல்லுக்குள் செய்யும் வேலையிலும் இருக்கிறது. அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டவருக்குச் சுவரில் எழுதப்படாத சூழ்நிலை வரும்போதும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

முதலில் ஆல்கலாய்டு என்ற சொல்லைப் பார்ப்போம். தாவரங்களிலிருந்து பிரித்தெடுத்த, நைட்ரஜன் உள்ள, காரத்தைப் போல நடந்துகொள்ளும் சேர்மங்களைக் குறிக்க ஜெர்மானிய வேதியியலாளர் மெய்ஸ்னர் 1819இல் இச்சொல்லை உருவாக்கினார். தமிழில் இதைக் காரப்போலி என்றும் எழுதுவதுண்டு; பொருளுக்கு மிகப் பொருந்திய சொல் அது. இச்சேர்மங்களில் உள்ள நைட்ரஜன் அணுவிடம் பிணைப்பில் ஈடுபடாத ஓர் இணை எலக்ட்ரான் இருக்கிறது. அமிலம் சேரும்போது அந்த எலக்ட்ரான் இணை ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொள்ள, சேர்மம் உப்பாக மாறித் தண்ணீரில் எளிதாகக் கரைகிறது. காரம் சேர்த்தால் புரோட்டானை விட்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பி, குளோரோஃபார்ம் போன்ற கரிமக் கரைப்பானுக்குள் போய்விடுகிறது. குயினின், நிக்கோட்டின், ஸ்ட்ரிக்னின் ஆகிய எல்லாம் இந்த ஆட்டத்தை ஆடுபவை. மலேரியா மருந்தாகக் குயினின் சல்ஃபேட் என்ற உப்பு வடிவம் கிடைப்பதும் இதனால்தான்.

கோல்சிசின் இந்த ஆட்டத்துக்கு வருவதில்லை. அதன் மூலக்கூறில் 22 கார்பன், 25 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்களோடு ஒரே ஒரு நைட்ரஜன் அணுதான் உண்டு. அந்த நைட்ரஜனும் ஓர் அசெட்டைல் தொகுதியோடு சேர்ந்து அமைடாக இருக்கிறது. அமைடில் நைட்ரஜனின் எலக்ட்ரான் இணை பக்கத்தில் இருக்கும் கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்போடு பகிரப்பட்டுவிடுவதால், புரோட்டானைப் பிடிக்க அதற்கு ஓய்வில்லை. ஆகவே கோல்சிசின் நடைமுறையில் நடுநிலைச் சேர்மம். பெயரளவில் மட்டுமே காரப்போலி. மிளகுக்குக் காரம் தரும் பைப்பரினும் அமைடு வகைதான். அதுவும் இதே போல ஏறக்குறைய நடுநிலையாகவே நடந்துகொள்கிறது.

இது வெறும் வகைப்பாட்டுச் செய்தி அன்று, கரைசல் தயாரிக்கும் மேசையில் உடனே உதவும் செய்தி. ஆல்கலாய்டு என்றாலே சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் கரையும் என்று படித்து வந்த மாணவர், கோல்சிசினிலும் அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கினால், அதன் ஒரு மீத்தாக்சி தொகுதி உடைந்து கோல்சிசீன் என்ற வேறொரு சேர்மமாக மாறிவிடும். பெயரில் ஓரெழுத்துதான் வேறுபாடு போலத் தோன்றினாலும், கோல்சிசின் செய்யும் வேலையைக் கோல்சிசீன் செய்வதில்லை. உண்மையில் அமிலத்துக்குத் தேவையே இல்லை. உப்பாகாமலேயே கோல்சிசின் தண்ணீரில் நன்றாகக் கரையும். 1 கிராமுக்கு ஏறத்தாழ 22 மில்லிலிட்டர் தண்ணீர் போதும். எத்தனாலிலும் டைமெத்தில் சல்ஃபாக்சைடிலும் தாராளமாகக் கரையும். தண்ணீரிலும் கரிமக் கரைப்பானிலும் ஒருசேரக் கரையும் இந்த இயல்பை மறக்காமல் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கையுறையைப் பற்றிப் பேசும்போது அது மீண்டும் வரும்.

பாரிஸில் பெல்லெட்டியே, காவந்து என்ற இரு வேதியியலாளர்கள், குயினினைக் கண்டறிந்த அதே 1820ஆம் ஆண்டில், இலையுதிர்காலக் குரோக்கஸ் எனப்படும் ஐரோப்பியச் செடியிலிருந்து இச்சேர்மத்தையும் பிரித்தெடுத்தார்கள். ஆனால் அது வெராட்ரின் என்ற வேறொரு பொருள் என்று கருதிவிட்டார்கள். அது தனிச்சேர்மம் என்று 1833இல் காட்டிக் கோல்சிசின் என்று பெயரிட்டவர் கெய்கர். கருங்கடலின் கிழக்குக் கரையில் இருந்த கோல்கிஸ் என்ற பழைய நாட்டின் பெயர் அந்தச் செடியின் தாவரவியல் பெயருக்குள் போய், அங்கிருந்து இதற்கு வந்தது. அதன் பிறகு நூறாண்டுக்கு மேலாக அதன் அமைப்பு பிடிபடவில்லை. ஆறு கார்பன் கொண்ட வளையங்களையே எதிர்பார்த்துப் பழகியிருந்த வேதியியலாளர்களுக்கு, ஏழு கார்பன் வளையமும் பென்சீனைப் போல நிலைப்புத்தன்மை பெற முடியும் என்பது தோன்றவில்லை. 1945இல் டூவார் முன்வைத்த ட்ரோப்போலோன் என்ற கருத்துதான் அந்த முடிச்சை அவிழ்த்தது. இன்று நமக்குத் தெரிந்த வடிவம் இது: மூன்று மீத்தாக்சி தொகுதிகள் தாங்கிய பென்சீன் வளையம் ஒருபுறம், ட்ரோப்போலோன் வகை ஏழு உறுப்பு வளையம் மறுபுறம், இரண்டையும் இணைக்கும் இன்னோர் ஏழு உறுப்பு வளையம் நடுவில். ஓரத்து வளையங்கள் இரண்டும் ஒரே தளத்தில் படுத்திருப்பதில்லை. ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொண்டு நிற்கின்றன.

ஒளியைக் கவர்வது அந்த ட்ரோப்போலோன் வளையம். தூளுக்கு வெளிர்மஞ்சள் நிறம் தருவதும், ஏறத்தாழ 350 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதா ஒளியை வலுவாக உறிஞ்சுவதும் அதுவே. உறிஞ்சிய ஆற்றலால் அந்த ஏழு உறுப்பு வளையம் உள்ளுக்குள்ளேயே புதிய பிணைப்பு ஒன்றை அமைத்துக்கொண்டு, நான்கு உறுப்பு வளையமும் ஐந்து உறுப்பு வளையமும் ஒட்டிக்கொண்ட வடிவமாக மாறுகிறது. இப்படி உருவாகும் சேர்மங்களுக்கு லூமிகோல்சிசின்கள் என்று பெயர். ஒரே அணுக்கள், ஒரே மூலக்கூறு எடை. ஆனால் வடிவம் வேறு, உயிரியல் வேலையும் அற்றுப்போகிறது. சாதாரணச் சன்னல் கண்ணாடி 350 நானோமீட்டர் ஒளியைத் தடுத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். தடுக்காது. நான் செய்முறை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், மாணவர் ஒருவர் நிறமற்ற குழாயில் கரைசலைச் சன்னலோர மேசையில் பல நாள் வைத்துப் பயன்படுத்தினார். வெங்காய வேர்நுனியில் செல்கள் ஒன்றும் நடக்காதது போலப் பிரிந்துகொண்டே இருந்தன. வேர் சரியில்லை, சாயம் சரியில்லை என்று இரண்டு வாரம் தேடினோம். குழாயைச் சுற்றி ஓர் அலுமினியத் தாள் இருந்திருந்தால் அந்த இரண்டு வாரமும் மிஞ்சியிருக்கும். பறித்த கண்வலிக் காயை நிழலில் உலர்த்தச் சொல்லும் வேளாண் பரிந்துரையைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குழாய் எனக்கு நினைவுக்கு வரும்.

இனிக் கோல்சிசின் செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதைக் காண்போம். ஒவ்வொரு செல்லிலும் நுண்குழல்கள் என்ற மெல்லிய இழைகள் இருக்கின்றன. இவை டியூபுலின் என்ற புரதத்தின் ஆல்பா, பீட்டா என்ற இரு அலகுகள் சேர்ந்த இணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு உருவாகுபவை. ஒருமுறை கட்டிவிட்டால் நிலைத்து நிற்கும் தூண்கள் அல்ல இவை. முனையில் அலகுகள் சேர்ந்தும் உதிர்ந்தும் நீண்டு குறுகிக்கொண்டே இருப்பவை. செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிடித்து இரு முனைகளுக்கும் இழுக்கும் கதிர்கோல் இழைகள் இந்த நுண்குழல்களால் ஆனவை. கோல்சிசின், தனித்து மிதக்கும் ஆல்பா-பீட்டா இணையில் இரு அலகுகளும் சந்திக்கும் இடத்தில், பெரும்பாலும் பீட்டா அலகுக்குள் புதைந்தவாறு சென்று அமர்ந்துகொள்கிறது. அப்படி அமர்ந்ததும் அந்த இணை நேராக நிமிர முடியாமல் வளைந்தே நிற்கிறது. வளைந்த செங்கல்லை வைத்து நேர்ச்சுவர் எழுப்ப முடியாதது போல, அந்த இணை சேர்ந்த முனையில் நுண்குழல் வளர முடிவதில்லை. கதிர்கோல் இழை அமையாததால் குரோமோசோம்கள் இரட்டிப்பாகிச் சுருங்கித் தெளிவாகத் தெரியும் மெட்டாஃபேஸ் நிலையிலேயே செல் நின்றுவிடுகிறது.

டியூபுலின் என்ற புரதமே இந்த மூலக்கூறின் வழியாகத்தான் நமக்கு அறிமுகமானது என்பதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. 1967இல் போரிஸி, டெய்லர் இருவரும் கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த கோல்சிசினைச் செல் சாற்றில் விட்டு, அது எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று தேடிப் போய், நுண்குழலின் அலகைக் கண்டடைந்தார்கள். அதற்கும் முன்னால், மனிதரின் குரோமோசோம் எண்ணிக்கை 48 என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, ஸ்வீடனின் லுண்ட் நகரில் ட்ஜியோ, லெவான் இருவரும் கோல்சிசினால் செல்களை மெட்டாஃபேஸில் நிறுத்தி, உப்புச் செறிவு குறைந்த கரைசலால் அவற்றை உப்பவைத்து, எண்ணி, 46 என்று 1956இல் வெளியிட்டார்கள். விஷம் என்று ஒதுக்கப்படும் ஒரு பொருள், அளவோடும் அறிவோடும் பயன்படும்போது எவ்வளவு கூர்மையான கருவியாகிறது என்பதற்கு இவ்விரண்டையும்விட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

தாவர இனப்பெருக்க ஆய்வில் இதன் பயன் வேறு வகை. குரோமோசோம்கள் இரட்டித்த பிறகு செல் பிரியாமல் நின்று, பின்னர் கோல்சிசின் நீங்கியதும் இரட்டிப்பான எண்ணிக்கையோடே வளர்ச்சியைத் தொடர்ந்தால், குரோமோசோம் தொகுதிகள் நான்கு கொண்ட நான்மடியச் செடி கிடைக்கும். 1937இல் பிளேக்ஸ்லீயும் ஏவரியும் இதைக் காட்டினார்கள். அப்படி உருவாக்கிய நான்மடியத் தர்ப்பூசணியைச் சாதாரண இருமடியத் தர்ப்பூசணியோடு கலந்து கிடைக்கும் மும்மடியச் செடியே விதையில்லாத் தர்ப்பூசணியைத் தருகிறது. ஜப்பானில் கிஹாரா முன்னெடுத்த வேலை இது.

இந்த இடத்தில் தொடக்கநிலை மாணவர்கள் அடிக்கடி குழம்புவார்கள். செல் வளர்ப்புக் கட்டுரையில் 0.1 மைக்ரோமோலார் என்று எழுதியிருக்கும். தாவரச் செய்முறையில் 0.05 சதவீதம் என்று எழுதியிருக்கும். இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றிப் பாருங்கள். 0.05 சதவீதம் என்றால் மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம், கோல்சிசினின் மூலக்கூறு எடை 399.4 என்பதால் அது ஏறத்தாழ 1.25 மில்லிமோலார், அதாவது செல் வளர்ப்பில் பயன்படுவதைப் போலப் பன்னிரண்டாயிரம் மடங்கு. இதில் அச்சுப்பிழை எதுவும் இல்லை. தாவர டியூபுலினுக்கும் விலங்கு டியூபுலினுக்கும் கோல்சிசினைப் பற்றிக்கொள்ளும் திறனில் உள்ள வேறுபாடே காரணம். தாவர டியூபுலின் மிகத் தளர்வாகத்தான் பிடிக்கிறது. இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. வெங்காய வேரை நனைக்க வைத்திருக்கும் கரைசல், வேருக்கு மிதமானதாக இருக்கலாம். அதைக் கையாளும் மனிதரின் செல்களுக்கு அது மிக மிக அடர்ந்த கரைசல். தாவரவியல் செய்முறைதானே என்று அசட்டையாக இருப்பவர்தான், உண்மையில் விலங்குச் செல் ஆய்வாளரைவிட ஆபத்தான கரைசலைக் கையில் வைத்திருக்கிறார்.

என்னுடைய கருத்து, இளங்கலை வகுப்பில் வெங்காய வேர்நுனியில் மெட்டாஃபேஸைக் காட்டுவதற்கு மட்டும் கோல்சிசின் வேண்டியதில்லை. அதே வேலைக்கு 8-ஹைட்ராக்சிகுயினோலின் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அதையும் கவனத்தோடுதான் கையாள வேண்டும் என்றாலும், ஐம்பது மாணவர்கள் நெருக்கியடித்து நிற்கும் அறையில் கோல்சிசின் கரைசலை வைப்பதைவிட அது மேலானது. தாவரத்தில் மடியநிலையை உயர்த்தும் ஆய்வுக்குக்கூட, தாவர டியூபுலினை இறுகப் பற்றும் ஒரைசலின் போன்றவை குறைந்த செறிவிலேயே பயன் தருகின்றன. கோல்சிசினே தேவை என்று ஆய்வுக் கேள்வி சொல்லும்போது மட்டும் புட்டியைத் திறப்போம்.

அதன் நச்சுத்தன்மையும் அதே செயல்முறையிலிருந்தே பிறக்கிறது. உடலில் இடைவிடாமல் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் முதல் அடி விழும்: குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால்கள். கீல்வாத நோயாளிகளுக்கு மருந்தாகத் தரப்படும் மாத்திரையில் இருப்பதே 0.5 அல்லது 0.6 மில்லிகிராம்தான், நன்மை செய்யும் அளவுக்கும் கேடு செய்யும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. ஆய்வகப் புட்டியில் இருக்கும் நூறு மில்லிகிராமை இந்த அளவோடு ஒப்பிட்டால் நம் கையில் இருப்பது என்ன என்பது விளங்கும். இன்னொரு கொடுமை, தாமதம். உடலுக்குள் போனதும் அறிகுறி தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அது சற்றுத் தணிந்தது போலக் காட்டிவிட்டு, அடுத்த நாட்களில் பல உறுப்புகளைத் தாக்கும். வழக்கமான மருத்துவப் பயன்பாட்டில் இதற்கென்று தனி முறிவு மருந்து இல்லை. ஆகவே வாய்க்குள்ளோ கண்ணிலோ பட்டதாகச் சிறு ஐயம் எழுந்தாலும், உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. கண்ணையும் தோலையும் தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டு, சேர்மத்தின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கும் பொருள் என்பதால் மரபணுக் கேடு விளைவிக்கக்கூடியதாகவும் இது வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. கருவுற்றிருப்பவர்கள், கருவுறத் திட்டமிடுபவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்க, ஆய்வகத் தலைவர் தயக்கமின்றி வழிசெய்ய வேண்டும். அதைக் கேட்கும் நிலைக்கு மாணவரைத் தள்ளக் கூடாது.

கையாளும் முறைக்கு வருவோம். மிகவும் ஆபத்தான கணம் எது என்று கேட்டால், உலர்ந்த தூளை எடைபோடும் கணம் என்பேன். இலேசான தூள் காற்றில் எழும். பிளாஸ்டிக் தட்டில் நிலைமின்னூட்டத்தால் துள்ளி விழும். தராசின் மேடையில் கண்ணுக்குத் தெரியாத படலமாகத் தங்கி, அடுத்து வருபவரின் கையில் ஒட்டும். இதற்கு மிக எளிய மாற்று, எடையே போடாமலிருப்பது. நிறுவனமே துல்லியமாக எடையிட்டு அடைத்த சிறு புட்டியாக வாங்கி, முழுப் புட்டிக்கும் தேவையான கரைப்பானை உள்ளே விட்டு, மூடிக் குலுக்கிக் கரைத்துவிடுவதே நல்ல பழக்கம். புட்டியில் 10 மில்லிகிராம் இருந்தால், 2.5 மில்லிலிட்டர் டைமெத்தில் சல்ஃபாக்சைடு விட்டால் ஏறத்தாழ 10 மில்லிமோலார் ஸ்டாக் கரைசல், அதாவது பின்னர் நீர்த்துப் பயன்படுத்தும் அடர்கரைசல், கிடைக்கும். புட்டி குளிர்பதனப் பெட்டியிலிருந்து வந்ததானால், மூடியைத் திறக்காமல் அறை வெப்பநிலைக்கு வரும்வரை பொறுத்திருங்கள். குளிர்ந்த தூளின் மேல் காற்றின் ஈரம் படிந்தால் அளவும் தூய்மையும் கெடும்.

திறப்பது ஃப்யூம் ஹூட்டுக்குள் இருக்க வேண்டும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. செல் வளர்ப்பு அறையில் இருக்கும் கிடைமட்ட லேமினார் பெட்டியும் காற்றோட்டமுள்ள பெட்டிதானே என்று அதற்குள் தூளைத் திறந்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டி உள்ளே வைத்திருப்பதைக் கிருமியிடமிருந்து காப்பதற்காக, வடிகட்டிய காற்றை உட்காருபவரின் முகத்தை நோக்கி வீசும்படி அமைக்கப்பட்டது. வளர்ப்புக் குப்பிக்கு அது பாதுகாப்பு; நச்சுத்தூளைத் திறப்பவருக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. ஃப்யூம் ஹூட் காற்றை உள்ளிழுத்து வெளியேற்றுவது. இரண்டும் எதிரெதிர் நோக்கத்துக்காகச் செய்யப்பட்டவை.

கையுறையைப் பற்றி முன்பு சொன்னேன். கோல்சிசின் தண்ணீரிலும் கொழுப்பை ஒத்த கரைப்பான்களிலும் கரைவது. டைமெத்தில் சல்ஃபாக்சைடோ தோலை ஊடுருவும் இயல்பு கொண்டது, தன்னுள் கரைந்திருப்பதையும் உடன் அழைத்துச் செல்லக்கூடியது. ஆகவே அந்தக் கரைப்பானில் உள்ள கோல்சிசின், தூளாக இருக்கும்போது இல்லாத ஒரு வழியைப் பெறுகிறது. நைட்ரைல் கையுறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, துளி பட்ட உடனே மேலுறையைக் கழற்றி மாற்றுவதே சரி. மாலைவரை ஒரே உறையோடு இருந்து, அதே கையால் கதவுப்பிடியையும் கைபேசியையும் தொடுவது உறையே அணியாமலிருப்பதற்குச் சமம். பாதுகாப்புக் கண்ணாடியும், கைமணிக்கட்டை மூடும் ஆய்வகச் சட்டையும் கட்டாயம். தூள் சிந்தினால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஈரத்தாளை மேலே போர்த்தி, தூள் எழாமல் ஒற்றி எடுத்து, அந்தத் தாளையும் நச்சுக்கழிவாகவே மூடிவைக்க வேண்டும்.

தயாரித்த ஸ்டாக் கரைசலை ஒரு பெரிய குழாயில் வைத்துத் தினமும் உருக்கி உறையவைப்பதைவிட, ஒருமுறைக்குத் தேவையான அளவில் பல சிறு பழுப்புக் குழாய்களில் பிரித்து, மைனஸ் 20 பாகை செல்சியஸில் வைப்பது நல்லது. பழுப்புக் குழாய் இல்லையென்றால் அலுமினியத் தாள் சுற்றினால் போதும். குழாயின் மேல் பெயர், செறிவு, கரைப்பான், தயாரித்த நாள், நச்சுக் குறி ஆகிய எல்லாம் வேண்டும். சுருக்கெழுத்து வேண்டாம், அடுத்த ஆண்டு வரும் மாணவருக்கு உங்கள் சுருக்கெழுத்து புரியாது. நீரில் தயாரித்த கரைசலைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டுமென்றால் 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டி வழியே செலுத்துங்கள். வளர்ப்புப் பெட்டியின் புற ஊதா விளக்கை ஏற்றிவிட்டுக் குழாயை உள்ளேயே மறந்துவிட்டுப் போகாதீர்கள். ஒளியை உறிஞ்சும் அந்த வளையத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒளியால் கெடும் அந்த இயல்பே, கரைசல் நல்ல நிலையில் இருக்கிறதா என்று சோதிக்கவும் கைகொடுக்கிறது. கோல்சிசினின் மோலார் உறிஞ்சல் எண் 350 நானோமீட்டரில் ஏறத்தாழ 16,600. எனவே ஸ்டாக் கரைசலில் சிறிது எடுத்துத் தண்ணீரில் 50 மைக்ரோமோலாராக நீர்த்து, குவெட் என்ற ஒரு சென்டிமீட்டர் அளவைக் குப்பியில் வைத்தால், ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் 0.83 அளவில் காட்ட வேண்டும். கரைசலில் ஒரு பகுதி லூமிகோல்சிசினாக மாறியிருந்தால் ட்ரோப்போலோன் வளையம் அந்த அளவுக்கு இல்லாமல் போயிருக்கும். 350இல் உள்ள முகடு தாழ்ந்துவிடும். ஐந்து நிமிட வேலை இது. சன்னலோரக் குழாயைப் பற்றி மேலே சொன்னேனே, அந்த அனுபவத்துக்குப் பிறகு எந்தச் சோதனையையும் இந்த அளவீடு இல்லாமல் நான் தொடங்கியதில்லை.

சோதனையை வகுக்கும்போது நினைவில் வைக்க வேண்டியவை சில உண்டு. கோல்சிசின் டியூபுலினோடு மெதுவாகச் சேர்கிறது, சேர்ந்தபின் எளிதில் விடுவதில்லை. குளிர்ந்த நிலையில் அந்தப் பிணைப்பு இன்னும் மந்தம். 37 பாகையில்தான் ஒழுங்காக நடக்கிறது. ஆகவே சேர்த்த சில நிமிடங்களிலேயே விளைவை எதிர்பார்ப்பதும், வளர்ப்பு ஊடகத்தை ஒருமுறை மாற்றிவிட்டால் செல்கள் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. நிறுத்தி மீண்டும் விடுவிக்கும் வகைச் சோதனைக்கு டெமிகோல்சின், நோக்கோடசோல் போன்ற எளிதில் நீங்கும் சேர்மங்களே ஏற்றவை. சில செல் வகைகளில் கோல்சிசின் வேலை செய்யாமலும் போகலாம். கோல்சிசினுக்கு அசையாத வெள்ளெலிச் செல்களை ஆராயும்போதுதான், 1976இல் ஜூலியானோவும் லிங்கும் பி-கிளைக்கோபுரதம் என்ற வெளியேற்றுப் புரதத்தைக் கண்டறிந்தார்கள். அந்தப் புரதம் மிகுந்த செல்கள் கோல்சிசினை உள்ளே தங்கவிடாமல் வெளியே தள்ளிவிடுகின்றன. உங்கள் செல்லில் அது எந்த அளவு இருக்கிறது என்று தெரியாமல் செறிவை மட்டும் கூட்டிக்கொண்டே போவது விடை தராது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுச் செல் குழு இரண்டு வேண்டும். ஒன்று, கரைப்பானை மட்டும் அதே அளவில் சேர்த்த செல்கள். 10 மில்லிமோலார் ஸ்டாக்கிலிருந்து 1 மைக்ரோமோலார் செறிவை அடைய பத்தாயிரத்தில் ஒரு பங்கே சேர்ப்பதால் கரைப்பானின் அளவு 0.01 சதவீதத்தில் அடங்கிவிடும். அதனால்தான் ஸ்டாக்கை அடர்த்தியாகத் தயாரிக்கிறோம். மற்றொன்று பலர் வைக்காமல் விடுவது, லூமிகோல்சிசின் சேர்த்த செல்கள். அதே அணுக்கள், அதே எடை, ஆனால் டியூபுலினைப் பற்றாத வடிவம். கோல்சிசினால் ஒரு மாற்றம் நிகழ்ந்து, லூமிகோல்சிசினால் அதே மாற்றம் நிகழவில்லையென்றால், அது நுண்குழல் வழியாக வந்தது என்று சொல்ல வலுவான சான்று கிடைக்கிறது. இரண்டாலும் நிகழ்ந்தால், நுண்குழலுக்குத் தொடர்பில்லாத வேறேதோ நடக்கிறது என்று தேடத் தொடங்கலாம். அதையும் தற்செயலாக வெயிலில் கெட்டுப்போன கரைசலிலிருந்து எடுக்காமல், தூய்மை தெரிந்த சேர்மமாகத் தனியே வாங்கிக் கணக்கோடு பயன்படுத்த வேண்டும்.

சோதனை முடிந்ததும் மிஞ்சும் ஊடகம், நனைந்த வேர், பிப்பெட் முனை, கையுறை ஆகிய எல்லாவற்றிலும் கோல்சிசின் இருக்கிறது. ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனின் 121 பாகை வெப்பம் கிருமியைக் கொல்லும். ஏறத்தாழ 142 முதல் 150 பாகையில் உருகக்கூடிய இந்தச் சேர்மத்தை அது அழித்துவிடும் என்று நம்ப இடமில்லை. தண்ணீரில் நன்றாகக் கரைவதால் கழுவு தொட்டியில் விட்டால் சாக்கடையோடு அப்படியே போகும். ஆகவே திரவத்தைத் தனிப் புட்டியிலும் திடப்பொருளைத் தனிப் பையிலும் மூடி, கோல்சிசின் என்றும் தோராயமான அளவு இன்னதென்றும் எழுதி, அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிலையத்தின் உயர்வெப்ப எரிப்புக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் நாளில், இருப்புப் பதிவேட்டில் அந்த எண்ணிக்கையையும் எழுதுங்கள்: வாங்கியது எத்தனை மில்லிகிராம், கரைத்தது எத்தனை, மைனஸ் 20 பாகைப் பெட்டியில் மீந்திருக்கும் குழாய்கள் எத்தனை, கழிவாகப் போனது எத்தனை. இந்த நான்கு எண்களும் பொருந்தும்வரை புட்டியின் கணக்கு முடியவில்லை.